மிசாரியை முன்னால் நிறுத்தாதே

மெர்போக்
28 ஆகஸ்ட் 2025

சசி அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று அம்மா சொல்லிவிட்டார். என் நம்பரை பிளாக் செய்து ஏழு வாரம் ஆகிறது. ஆனால் ரஃபேல் பாதருக்கு நாலு பக்கம் எழுத மட்டும் உனக்கு நேரம் கிடைத்திருக்கிறது. எனக்கும் கை இருக்கிறது. தபால்தான் உனக்குப் பிடித்த வழி என்றால் நானும் தபாலிலேயே வருகிறேன்.

நேற்று பாதர் என்னையும் கென்னத்தையும் சுங்கை பட்டாணி சர்ச்சுக்கு வரச் சொல்லி, உன் கடிதத்தை மேஜைமேல் எடுத்து வைத்தார். போன ஞாயிறு எங்கள் திருமண ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று கடைசியில் ஒரு வரி வரும். தடை என்றால் அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள், அவர்கள் இரத்த சொந்தம், அந்த மாதிரி. நீ அதை யூனியன் கூட்டத்தில் "மறுப்பவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்பது போல எடுத்துக்கொண்டிருக்கிறாய். இத்தனை வருஷத்தில் ஓர் இந்து அண்ணன் தடை எழுதி அனுப்பியது இதுதான் முதல் தடவை என்றார் பாதர்.

மூன்று காரணம் எழுதியிருக்கிறாய். உன்னைக் கேட்கவில்லை. நான் மதம் மாறப் போகிறேன். சின்ன வயதிலிருந்தே நான் சொல் பேச்சு கேட்காதவள், மிசாரியை இழந்ததே என்னால்தான். மூன்றாவதைப் படித்துவிட்டு பாதர் முகம் மாறிப் போய்க் கேட்டார்: "மிசாரி யாரும்மா? ஒங்க சொந்தக்காரப் பிள்ளையா? என்னா ஆச்சு அதுக்கு?"

கென்னத் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். நான்தான் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன். நீ கூலிம் ஃபேக்டரியில் சேர்ந்த மறு வருஷம் ஆண்டு விருந்துக் குலுக்கலில் உனக்கு விழுந்த கையடக்க கேம் மெஷின். அதோடு வந்த ஒரே கேம். மத்தியானம் டிவியில் மலாய் பேசிக்கொண்டு வரும் ஜப்பான் கார்ட்டூன் 'ஏழு காற்று', அதை வைத்துச் செய்தது. ஆட்டத்தைச் சேமிக்க ஒரே இடம்தான். நீ ஷிஃப்டுக்குப் போனால் நான், நான் பள்ளிக்குப் போனால் நீ. இப்படி ஒரே ஆட்டத்தை இரண்டு பேரும் மாறி மாறி ஆடினோம். ஆறாம் அத்தியாயத்தில், கூட்டத்துக்கு மருந்து போடும் மிசாரி எதிரியிடம் போய்விட்டாள். போகும் முன் "இவளை நம்புகிறாயா?" என்று திரையில் கேள்வி வந்தது. நான் 'ஆம்' அழுத்தினேன். நீ வேலை முடிந்து வந்து, நான் 'இல்லை'யைத்தான் அழுத்தியிருப்பேன் என்று சத்தம் போட்டாய். அதோடு மெஷினை அலமாரியில் போட்டுப் பூட்டினாய். பதினேழு வருஷமாக அந்தப் பழி என் தலையில். நான் இன்றைக்கும் சொல்கிறேன், கோளாறு அந்த கேமில்தான்.

பாதர் கடிதத்தை மடித்து, இது தடையில் சேராது என்று சொல்லி என்னிடமே கொடுத்துவிட்டார்.

நான் மதம் மாறவில்லை. மாறாமலே கட்டிக்கொள்ள பிஷப்பிடம் அனுமதி வாங்கியாயிற்று. செப்டம்பர் 27, சனிக்கிழமை, காலை பத்து மணிக்குக் கல்யாணம். நீ வர வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகக் கெஞ்சமாட்டேன். எழுதுவதென்றால் எனக்கு எழுது.

லோகேஸ்வரி


கூலிம்
2 செப்டம்பர் 2025

லோகேஸ்வரிக்கு,

பாதர் அந்தக் கடிதத்தை உன்னிடம் காட்டியது சரியில்லை. அவருக்கு எழுதியது அவருக்குத்தான். ஓலை விஷயத்தை எனக்குச் சொன்னது என் லைனில் வேலை செய்யும் ஜோனதன். தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பார்களாம். கேட்டார்கள், சொன்னேன். உன் கல்யாணத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்ட இடம் அது ஒன்றுதான்.

ஜூலை மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு மறந்திருக்காது. ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் மெர்போக் வந்தேன். சாமி மேடைக்குக் கீழே பழத்தட்டு, வெற்றிலை, சேலை எல்லாம் வரிசையாக இருந்தது. கென்னத்தும் அவன் அம்மாவும் வந்து பெண் கேட்டு, தட்டு மாற்றி, காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கோப்பைகளைக்கூடக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தீர்கள். அண்ணன் உயிரோடு இருக்கும்போதே அண்ணன் இல்லாத வீடு போல் நடத்தியிருக்கிறீர்கள்.

அப்பா போனபோது எனக்குப் பதினாறு, உனக்கு ஒன்பது. தங்கையைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் மற்றது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? பெண் கேட்டு வருகிறவனிடம் என்னென்ன கேட்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அப்பா இடத்தில் அந்த நாற்காலியில் உட்கார எனக்கு ஒரு நாள் வரும் என்று இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அதை உனக்குக் காட்ட விரும்பாமல்தான் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன்.

மிசாரி விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். கேமைக் குறை சொல்லாதே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

27ஆம் தேதி எனக்கு வேலை.

சசிதரன்


மெர்போக்
7 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

இன்று மூன்றாம் தடவையும் ஓலை வாசித்தாயிற்று. யாரும் கை தூக்கவில்லை.

தட்டு விஷயத்தைப் பிறகு பேசலாம். முதலில் கூடம் கோணலா இல்லையா என்று பார்த்துவிடலாம். உன் கடிதம் வந்த அன்றே அலமாரியிலிருந்து மெஷினை எடுத்தேன். சார்ஜர் செத்துப் போயிருந்தது. தஞ்சோங் டாவாயில் மீன்பிடி போட் எஞ்சினைப் பிரித்துப் போடுகிறவனுக்கு அது ஒரு வேலையா? கென்னத் பத்து நிமிஷத்தில் சரி செய்தான். உள்ளே உன் பெயரில் பழைய ஆட்டம் அப்படியே இருந்தது. அழித்துவிட்டேன். முதலிலிருந்து ஆட வேறு வழியில்லை. உன்னைக் கேட்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. இது மோசமான கேம். நாலு அடி நடந்தால் ஒரு சண்டை. நம் வீரன் ரென்டோ அரிசி மூட்டை தூக்கியவன் மாதிரி நடக்கிறான். டிவியில் பன்னிரண்டு வாரம் ஓடிய கதையைக் கறுப்புத் திரையில் மூன்று வரி போட்டு முடித்துவிடுகிறார்கள். கார்ட்டூன் பார்க்காதவனுக்கு யார் செத்தார், யார் எதற்கு அழுகிறார் என்று ஒன்றும் புரியாது. மூன்றாம் அத்தியாயத்துப் பாம்பு ராஜாமேல் தண்ணீர் மந்திரம் போட்டால் மெஷினே உறைந்து போகிறது. போட்டேன், போனது, ஐந்து மணி நேரம் வீண். இதை உயிராக நினைத்து ஒரு வருஷம் வாழ்ந்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டேன். இருந்தும் கீழே வைக்க மனம் வரவில்லை. நான் வேலை பார்க்கும் க்ளினிக்கில் பல் பிடுங்க யாரும் வராத நேரமெல்லாம் இதுதான்.

நேற்று ஆறாம் அத்தியாயம் வந்தது. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கண் முன்னால் 'ஆம்' அழுத்தினேன். மிசாரி போய்விட்டாள். "அட, இதுக்குத்தானா அவன் அன்னிக்கி அந்தக் கத்து கத்தினான்?" என்று அம்மா கேட்டார்.

பதினேழு வருஷத்துப் பழியைத் திருப்பி எடுத்துக்கொள்.

லோகா


கூலிம்
10 செப்டம்பர் 2025

லோகேஸ்வரிக்கு,

யாரைக் கேட்டு அழித்தாய்? நாற்பத்தொரு மணி நேர ஆட்டம் அது. ஷிஃப்ட் முடிந்து கண் எரிய எரிய ஆடியது. அழித்த பிறகு சொல்கிறாய். தட்டு மாற்றிய பிறகு சொன்னாய். உனக்கு எல்லாமே அப்படித்தான். முதலில் செய்துவிடுவாய், பிறகு தெரிவிப்பாய்.

'ஆம்' அழுத்தினாயா என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். ஆமாம் என்கிறார். சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேம் காரணம் இல்லாமல் ஒருத்தியை அனுப்பாது. நீ அவளை எங்கே நிறுத்தியிருந்தாய்? முன் வரிசையில் நிறுத்தி அடி வாங்க விட்டிருப்பாய், வெறுத்துப் போயிருப்பாள். எத்தனை தடவை சீட்டு எழுதி மெஷினில் ஒட்டிவிட்டுப் போனேன்! "மிசாரியை முன்னால் நிறுத்தாதே. பாவம், அவளுக்கு உயிர் கம்மி." நீ எப்போது கேட்டாய்?

ரென்டோ மெதுவாக நடப்பது முதுகில் வாள் இருப்பதால். அதைக்கூடப் பார்க்காமல் குறை சொல்கிறாய்.

சசிதரன்


மெர்போக்
14 செப்டம்பர் 2025

அண்ணே,

உட்கார்ந்து படி.

மிசாரியை நான் ஒரு சண்டையில்கூட முன்னால் நிறுத்தவில்லை. பன்னிரண்டு வயதிலும் இல்லை, இப்போதும் இல்லை. நீ சீட்டில் எழுதியபடி பின் வரிசையிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். சண்டை முடிந்ததும் கூப்பிடுவது, மருந்து போடச் சொல்வது, திரும்ப அனுப்பிவிடுவது. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் சந்தேகம் வந்து இணையத்தில் தேடினேன். இந்த ஓட்டை கேமுக்கும் நாலு ரசிகர்கள் இருக்கிறார்கள். பல வருஷத்துக்கு முன்னால் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்: மிசாரி கூட்டத்தில் சேர்ந்ததிலிருந்து எத்தனை சண்டையில் முன்னால் நின்றாள் என்று கேம் இரகசியமாக எண்ணிக்கொண்டே வருமாம். முப்பதுக்குக் குறைந்தால் ஆறாம் அத்தியாயத்தில் போய்விடுவாள். 'ஆம்', 'இல்லை' எதை அழுத்தினாலும் ஒன்றுதான். இதைத் திரையில் எங்கேயும் சொல்லவில்லை. அது கேமின் தப்பு. ஆனால் அவள் போனது அதனால்தான்.

நம்பாமல் நானே மறுபடி முதலிலிருந்து ஆடினேன். இரண்டு நாள் லீவு, பல் வலிக்காரர்கள் என்னை மன்னிக்கட்டும். நாலாம் அத்தியாயத்தில் அவள் சேர்ந்ததும் முன் வரிசையில் நிறுத்தினேன். அடி வாங்கினாள், விழுந்தாள், எழுந்தாள். ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு கரடியை ஒற்றை ஆளாகச் சாய்த்தாள். ஆறாம் அத்தியாயம் வந்தது. அவள் போகவில்லை. நம்புகிறாயா என்ற கேள்வியே வரவில்லை, அண்ணே.

இப்போது தட்டு. அந்த ஞாயிறு உன் ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்துத்தான் அவர்களை வரச் சொன்னேன். தப்புதான். கழுவிய கோப்பைகளை நீ பார்த்து நின்றதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஏன் அப்படிச் செய்தேன் என்று ஒரு தடவையாவது யோசித்தாயா? ஜொகூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது, தூரம், தாங்கமாட்டாய் என்றாய். மோட்டார் லைசென்ஸ் எடுக்கிறேன் என்றேன், லாரி ஓடுகிற ரோடு என்றாய். கென்னத்தைப் பற்றி இரண்டு வருஷம் முன்னால் பேச்செடுத்தேன், போட் வேலை நிலையில்லை என்று எழுந்து போய்விட்டாய். நான் கேட்டு நீ 'சரி' என்று சொன்ன ஒன்றைச் சொல் பார்க்கலாம். உன்னைக் கேட்காமல் செய்யக் கற்றுக்கொடுத்ததே நீதான்.

உனக்கு என்மேல் உயிர். எனக்குத் தெரியும். அதனால்தான் என் நம்பரை பிளாக் செய்த பிறகும் அம்மாவிடம் தினமும் நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாய். ஆனால் பின் வரிசையில் வைத்தே என்னை இழந்துவிடாதே.

மெஷினைப் பார்சலில் அனுப்புகிறேன். நாலாம் அத்தியாயம் வரை உனக்காகத் தனியாக, தூங்காமல் ஆடி வைத்திருக்கிறேன். மிசாரி இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள். நீயே பார்.

லோகா


கூலிம்
19 செப்டம்பர் 2025

லோகா,

பார்சல் வந்தது. கம்பெனி பஸ்ஸில் போக வர ஆடினேன். முப்பத்தாறு வயது ஆள் இதைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஜோனதன் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டான்.

முதல் பதினோரு சண்டையில் ஒன்பதில் விழுந்தாள். விழும்போது ஒரு சின்னச் சத்தம் போடுவாள், உனக்குத் தெரியும். இரண்டு தடவை அவளைப் பின்னால் இழுத்துவிட்டேன். பிறகு உன் கடிதம் ஞாபகம் வந்து மறுபடி நிறுத்தினேன். ஒருத்தி விழுந்துகொண்டே இருப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? எனக்கு அது தெரியவில்லை. அப்பா ரப்பர் ஏற்றிய லாரியிலிருந்து விழுந்தபோது பக்கத்தில் நின்றது நான். அதற்குப் பிறகு வீட்டில் யாரையும் முன்னால் விட எனக்குக் கை வரவில்லை. இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

நேற்று ஆறாம் அத்தியாயம் தாண்டினேன். கேள்வி வரவில்லை. நீ சொன்னது சரி.

ஜொகூர் விஷயத்தில் நான் செய்தது தப்பு. எழுதிவிட்டேன். திரும்பச் சொல்லச் சொல்லாதே. தட்டு விஷயத்தில் நீ செய்ததும் தப்புதான், நீ ஒத்துக்கொண்டதால் அது சரியாகிவிடாது. கென்னத்தை எனக்குப் பிடிக்கவில்லை. அவனிடம் கேட்க வைத்திருந்த கேள்விகளில் ஒன்றையாவது கேட்டுவிடுகிறேன். இவள் உன்னைக் கேட்காமல் ஏதாவது செய்துவிட்டு வந்து நின்றால் என்ன செய்வாய்? பதிலை எழுது.

சர்ச்சில் பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போக ஒரு ஆண் வேண்டும் என்று ஜோனதன் சொல்கிறான். முனியாண்டி சித்தப்பாவைக் கேள். 27 மாதக் கடைசி. இங்கே ஆள் பற்றாக்குறை. லீவு கேட்டால் கிடைக்காது.

சசி


மெர்போக்
22 செப்டம்பர் 2025

அண்ணே,

கென்னத்திடம் உன் கேள்வியைப் படித்துக் காட்டினேன். கையிலிருந்த கிரீஸைத் துடைத்தான். "அவ எப்ப லா கேட்டா? பழகிப் போச்சுன்னு அண்ணன்கிட்ட சொல்லு" என்றான். உனக்கு அவனைப் பிடிக்க வேண்டாம். எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்பா விழுந்தபோது நீ பக்கத்தில் நின்றது எனக்குத் தெரியாது. பதினாறு வயதில் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாய். படித்துவிட்டு நிறைய அழுதேன். அதற்காக என் பேச்சை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

சித்தப்பாவைக் கேட்கமாட்டேன். யாரும் என்னைக் கூட்டிப் போக வேண்டாம். வாசலிலிருந்து பீடம் வரை நானே நடந்து போகிறேன் என்று பாதரிடம் சொல்லிவிட்டேன். அவரும் தடை ஒன்றும் இல்லை என்றார். கென்னத்தின் அம்மா ஜேன் ஆன்ட்டிதான், ஊர் என்ன சொல்லும் என்றார். ஊர் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.

சனிக்கிழமை நீ வராவிட்டாலும் நடப்பேன். வந்தால் கொஞ்சம் மெதுவாக நடப்பேன்.

லோகா


கூலிம்
26 செப்டம்பர் 2025

லோகா,

தபால் நேரத்துக்கு வந்து சேராது. ஜோனதன் இன்று ஊருக்கு வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

இன்று காலை சூப்பர்வைசர் சிவநேசனிடம் போனேன். பதினெட்டு வருஷமாக அந்த மேஜை முன்னால் நின்று கேட்டுத்தான் எதையும் வாங்கியிருக்கிறேன். தர முடியாது என்றால் சரி சார் என்று திரும்பியிருக்கிறேன். இன்றைக்குக் கேட்கவில்லை. "நாளைக்கி என் தங்கச்சிக்குக் கல்யாணம். நான் வேலைக்கி வரல" என்று சொல்லிவிட்டு லீவு ஃபாரத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். பின்னால் அவர் ஏதோ கூப்பிட்டார். திரும்பவில்லை. திங்கட்கிழமை என்ன நடக்குமோ நடக்கட்டும். வீம்பு நம் வீட்டில் உனக்கு மட்டும் சொந்தம் இல்லை.

முன் பெஞ்சில் அம்மாவோடு உட்காருவேன். முட்டி போடமாட்டேன். படத்தில் சிரிக்கமாட்டேன். கென்னத்தைப் பிடிக்கவில்லை என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் அவனிடமே சொல்லிவிடுவேன். பதிலுக்கு அவன் ஏதாவது சொன்னால் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

எனக்காக மெதுவாக எல்லாம் நடக்காதே. உன் நடையிலேயே நட. வழியில் சேலை தடுக்கி விழுந்தால்கூட நான் ஓடி வரமாட்டேன். நீயே எழுந்து போ. நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணன்